பச்சைப் பலகையில் நாற்பத்தைந்து

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மதியத்துக்குச் சாதமும் வெண்டைக்காய்ப் பொரியலும் கட்டி முடித்தபோது மணி ஆறு இருபத்தைந்து. வேப்பம்பட்டில் ஏழு முப்பத்துநாலு மின்சார ரயில் ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. உட்கார இடம் கிடைத்தது. செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காக்களூர். தொழிற்பேட்டைக்குள் இரண்டாவது வளைவில் இருக்கும் பிரஸ் கம்பெனியின் வாசலைக் கடக்கும்போது வழக்கம்போல இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள்: 188' என்றிருந்தது. வாட்ச்மேன் அப்போதுதான் எண்ணை மாற்றிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். எட்டு பதினேழுக்குப் பள்ளிக்கூடம். பள்ளியில் பிள்ளைகளின் காலை உணவுக்கு அன்று ரவை உப்புமா.

இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இருபத்தோரு வருடமாக எழுதுகிறேன். வண்டி எத்தனை நிமிடம் தாமதம், பிள்ளைகள் எத்தனை பேர் வரவில்லை, ஒரு பெட்டி சாக்பீஸ் எத்தனை நாள் வந்தது. "இதையெல்லாம் எழுதி வெச்சி இன்னா பண்ணப்போற?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொன்னதில்லை. எழுதி வைத்திருந்தால் என்றைக்காவது பார்க்கலாம். பார்க்க வேண்டிய நாள் வரத்தான் செய்தது.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்த வருடம் என் வகுப்பில் இருபத்துநாலு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கும் ஷெட்டுகளில்தான் பெற்றோர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ், பிளாஸ்டிக் மோல்டிங், அட்டைப்பெட்டி. எங்கள் பிள்ளைகளுக்கு ஷிப்ட் என்றால் என்னவென்று ஆறு வயதிலேயே தெரியும். "அப்பா நைட் ஷிப்ட், தூங்கினு இருக்காரு, அதான் ஹோம் ஒர்க் சத்தம் போட்டு படிக்கல மிஸ்" என்று காரணம் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொள்வேன். நியாயமான காரணம்.

வியாழக்கிழமை மதியம் முதல் பாடவேளை நல்லொழுக்க வகுப்பு. அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருக்கும். பல பள்ளிகளில் அந்த வேளையில் கணக்கு நடக்கும். என் வகுப்பில் நடக்காது. கதை சொல்லிக் கடைசியில் நீதி கேட்பதும் என் வழக்கமில்லை. எட்டு வயதுப் பிள்ளை நீதியைச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அதனால் நீச்சல் பழக்குவது போலத்தான் பழக்குவேன். ஒரு வாரம், பிறர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு எத்தனை அடி தள்ளி நிற்பது. ஒரு வாரம், தெரியாத ஆள் வண்டியில் ஏறச் சொன்னால் எவ்வளவு உரக்க "மாட்டேன்" என்பது. மன்னிப்புக் கேட்க மூன்று படி வைத்திருக்கிறேன்: முகத்தைப் பார்க்க வேண்டும், செய்தது இன்னதென்று வாயால் சொல்ல வேண்டும், என்ன செய்தால் சரியாகும் என்று கேட்க வேண்டும். "சாரி" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தால் என் வகுப்பில் செல்லாது. இந்த முறை பலிக்கிறது. எனக்கு அதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

பச்சைப் பலகை அந்த ஜூன் மாதம் வந்தது. கம்பெனி வாசலில் தினமும் அந்த எண் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதன் மேல் ஒரு மதிப்பு உண்டாகிவிட்டிருந்தது. ஒரே ஒரு எண், அதை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். ப்ளைவுட் துண்டு ஒன்றுக்குப் பச்சை அடித்து, நடுவில் ஒரு சதுரத்துக்கு மட்டும் கறுப்பு அடித்து, வகுப்பில் மாட்டினேன். மேலே ஒட்டிய தாளில் 'யாரும் யாரையும் நோகடிக்காத நாட்கள்' என்று எழுதினேன். தினமும் காலையில் முந்தின நாளைச் சேர்த்து எண்ணை மாற்ற வேண்டும். அடித்தாலும், கெட்ட வார்த்தை சொன்னாலும், பிடுங்கினாலும் எண் சுழியம் ஆகிவிடும்.

பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "எங்கப்பா கம்பெனி போர்டு மிஸ் இது!" என்று கத்தினார்கள். ஒருத்தி எழுந்து கேட்டாள். "அங்க நாளு ஏற ஏற கிஃப்ட் குடுப்பாங்க மிஸ். நூறுக்கு டிபன் பாக்ஸ் குட்த்தாங்க. நீங்க இன்னா குடுப்பீங்க?"

"இன்னா வேணும் உங்களுக்கு?" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டேன்.

இருபத்துநாலு வாயும் ஒரே வார்த்தையைச் சொன்னது. "பூரி!"

ஐம்பது நாள் வந்தால் மதியச் சாப்பாட்டோடு பூரியும் கிழங்கும் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் முறை நாலு நாளில் விழுந்தது. இரண்டாம் முறை ஒன்பது நாள். ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை மூன்றாம் முறை தொடங்கியது. அதன் பிறகு விழவேயில்லை. தினமும் வந்துகொண்டிருந்த "மிஸ், இவன் இட்ச்சிட்டான்", "மிஸ், அவ கிள்றா" எல்லாம் ஆகஸ்ட் மாதத்தோடு அடியோடு நின்றது. தலைமையாசிரியை ஒரு நாள் வாசலில் நின்று கவனித்துவிட்டு, "உங்க கிளாஸ்தானா இது, இல்ல யாருமே வரலியா?" என்று கேட்டார். அதையும் எழுதி வைத்தேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

செப்டம்பர் 12 காலை வகுப்பின் லீடர் எண்ணை மாற்றினாள். வகுப்பிலேயே உயரமான பெண், குரலும் பெரியது. வரிசையில் நிற்க வைப்பது, தட்டு கழுவ அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. 45 என்று எழுதிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "இன்னும் அஞ்சே அஞ்சி!" என்று அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மதியம் நல்லொழுக்க வகுப்பு. அன்றைய பயிற்சி, உதவி கேட்பது எப்படி. எங்கே வலிக்கிறது, யாரிடம் சொல்கிறோம், என்ன வேண்டும், மூன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு மிக நன்றாக நொண்டினான். ஒருத்தி வயிற்றுவலியை அப்படியே நடித்தாள். பார்த்த எனக்கே பயம் வந்தது. பிறகு ஜன்னலோரம் இரண்டாம் வரிசையில் உட்காரும் பெண்ணைக் கூப்பிட்டேன். மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டாள், எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும்.

அவள் எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் வேணாம் மிஸ்" என்றாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. தேவைக்கு மேல் உரக்கச் சிரித்ததாக எனக்குப் பட்டது. "சரி, அடுத்து" என்று விட்டுவிட்டேன்.

அவள் வலது மணிக்கட்டில் ஒரு கர்ச்சீஃப் கட்டியிருந்தாள். அது என் கண்ணில் தவறாகப் படவில்லை. ஏனென்றால் முந்தின நாளே வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர் மணிக்கட்டில் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். புதன்கிழமைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'பெண்கள் ஒன்பது பேர் கையில் கர்ச்சீஃப். புதுப் பழக்கம். தடுக்கத் தேவையில்லை.'

இரண்டரை மணிக்குத் தமிழ் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஜன்னலோரப் பெண்ணின் நோட்டு ஏழாவதாக வந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடம், புதன்கிழமை வகுப்புப் பாடம், வியாழக்கிழமை காலை எழுதிய பத்தி. மூன்றிலும் மூன்று கையெழுத்து, ஒன்றுகூட அவளுடையது இல்லை. இருபத்துநாலு பேரின் எழுத்தும் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எழுதியது லீடர். அவள் 'ழ'வின் வால் கீழ்க்கோட்டைத் தாண்டிப் போகும். மற்ற இரண்டும் அவள் பெஞ்சில் உட்காரும் இருவருடையது.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை, பிறரை எழுதச் சொல்லி வாங்கி வைக்கிறாள், அதுவும் மூன்று நாளாக. அப்போதுதான் நல்லொழுக்க வகுப்பு முடித்திருந்தேன். அதற்குப் பிறகும் இப்படியா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

அவளைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். "இது யார் எழுதினது?"

அவள் நோட்டையே பார்த்தாள்.

"உனக்கு எழுதத் தெரியாதா?"

"தெரியும் மிஸ்."

"அப்ப வா. போர்டுல எழுது." சாக்பீஸை அவள் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, மணிக்கட்டைப் பிடித்துக் கரும்பலகைப் பக்கம் இழுத்தேன்.

"அய்யோம்மா!" என்று அலறினாள். சாக்பீஸ் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கர்ச்சீஃபை அவிழ்த்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, தோல் பளபளவென்றிருந்தது. ஓரத்தில் நீலம்.

முதல் வரிசையில் ஒரு பொடியன் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே சொன்னான். "மிஸ், போர்ட மட்டும் அழிச்சிடாதீங்க மிஸ்."

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

"எப்ப ஆச்சு இது?" என்றேன். "அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். எப்ப?"

லீடர் எழுந்து நின்றாள். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "செவ்வாக்கெழம மிஸ். கொழாயாண்ட. பிளேட்டு கழுவ சொல்லோ இவ குறுக்க வந்தா. நாந்தான் தள்ளிட்டேன். திட்டு மேல விய்ந்துட்டா."

"உடனே ஏன் வந்து சொல்லல?"

"நாப்பத்தி மூணு ஆயிருந்துச்சி மிஸ்."

அதற்கு மேல் காரணம் தேவையில்லை என்பது போலச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவள் பையை யார் தூக்குவது, சாப்பாட்டுத் தட்டை யார் வாங்கிவருவது, எந்த நாள் நோட்டை யார் எழுதுவது என்று முறை வைத்திருந்தார்கள். அவள் கர்ச்சீஃப் மட்டும் தனியாகத் தெரியக் கூடாதென்று மற்ற எட்டுப் பெண்களும் கட்டிக்கொண்டார்கள். "பசங்களும் கட்லாம்னு சொன்னோம் மிஸ், அவங்கதான் ஒத்துக்கல" என்று ஒருத்தி குறை சொன்னாள். வீட்டில் கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ததும் இவர்கள்தான்.

"எல்லாரும் சேந்து இவள சொல்ல வேணாம்னு மிரட்டினீங்களா?" என்று கேட்டேன்.

தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "இல்ல மிஸ். நாந்தான் சொல்ல வேணாம்னேன். லீடர் சொல்லிடலாம்னுதான் சொன்னா."

"ஏன் கண்ணு? வலிக்கலியா?"

"வலிச்சிது. எங்கப்பாவும் சொல்லலியே மிஸ்."

இது எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. தலைமையாசிரியை வந்து பார்த்தார். அவர் சுருக்கமாகப் பேசுகிறவர். "மொதல்ல ஆஸ்பத்திரி. மத்ததெல்லாம் நாளைக்கி." என் வகுப்பை அவர் பார்த்துக்கொண்டார். அவள் அப்பா அந்த பிரஸ் கம்பெனியில்தான் ஆப்பரேட்டர். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். போன் செய்த பத்தாவது நிமிடம் வந்து சேர்ந்தார். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயது இருக்கும். சட்டையில் எண்ணெய்க் கறை. மகளின் கையைப் பார்த்ததும், "பாப்பா, சைக்கிள்லேந்து விய்ந்தேன்னுதான சொன்ன?" என்றார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் மூவரும் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்துவரும் வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் எனக்கு ஒரே கேள்விதான். அந்த அச்சு எழுத்து இனி வருமா? நான் பிடித்து இழுத்ததில் இன்னும் கெட்டுப்போயிருக்குமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எக்ஸ்ரே அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்புல மெல்லிய விரிசல். கட்டுப் போட்டா சேர்ந்துடும். ஆனா ரெண்டு நாளா என்ன பண்ணீங்க? இப்படியே இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கோணலா சேர்ந்திருக்கும்."

"பள்ளிக்கூடத்துலதான் அடிபட்டது. நான் கவனிக்கல," என்றேன். "இன்னிக்கு மதியம் தெரியாம இந்தக் கையைப் பிடிச்சு இழுத்தும் இருக்கேன். அதனால அதிகமாகியிருக்குமா?"

அவர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். "விரிசல் விலகல. வலிச்சிருக்கும். அவ்வளவுதான்." பிறகு அவளைப் பார்த்து, "நாலு வாரம் கட்டு. அப்புறம் எழுது, வரை, எல்லாம் பண்ணலாம்" என்றார். அவள் முதல் முறையாகச் சிரித்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

உள்ளே மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது நானும் அவள் அப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வகுப்பில் நடந்ததையெல்லாம் முறையாகச் சொன்னேன். பலகை, பூரி, கர்ச்சீஃப். கடைசியாகக் கேட்டேன். "எங்கப்பாவும் சொல்லலன்னு ஒரு வார்த்த சொன்னா. அது என்ன தம்பி?"

அவர் இடது கையை நீட்டினார். மோதிர விரலில் நகம் இல்லை. நுனி சப்பையாக இருந்தது.

"ஆடி மாசம் டீச்சர். பிரஸ்ல மாட்டிக்கிச்சி."

"ஆடி மாசமா? அங்க போர்டுல..."

"போர்டு எங்க நிக்கும்? அது ஓடிக்கினேதான் இருக்கும்." சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "யாரும் மெரட்டல டீச்சர். அத்த நான் சொல்லணும். எங்க செட்டு ஆளுங்கதான் சுத்தி நின்னுக்கினு கெஞ்சனாங்க. 'ண்ணா, நூத்தி முப்பத்தி நாலு ஆயிடுச்சிண்ணா, நூத்தம்பதுக்கு குக்கர்ணா.' வண்டி ஸ்டாண்டு போட சொல்லோ மாட்டிக்கிச்சின்னு சொல்லிட்டேன். நாலு நாளு லீவு போட்டு ஊட்ல குந்திக்கினு இருந்தேன்."

"குக்கர் வந்துச்சா?"

"வந்துச்சி. அஞ்சு லிட்டர். அன்னிக்கி ஊட்ல நானே பெருமையா பேசனேன் டீச்சர். 'அப்பா கம்முனு இருந்ததாலதான்டா நாப்பது ஊட்டுக்கு குக்கர் வந்துச்சி'ன்னு." விரலை மடக்கிக்கொண்டார். "பாப்பா அப்ப பக்கத்துலதான் குந்தி சாப்டுக்கினு இருந்துச்சி."

134 எழுதியிருந்த அன்றும் நான் அந்த வாசலைக் கடந்திருப்பேன். பிற்பாடு வீட்டில் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஜூலை 20, சனிக்கிழமை. வேறு வேலையாகத் திருவள்ளூர் போனவள் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'கம்பெனிப் பலகை 134. பாராட்டத்தக்கது.'

"நான் இன்னா டீச்சர் பண்ணணும் இப்ப?" என்று கேட்டார்.

"உங்க விரலப் பத்தி நீங்கதான் அவகிட்ட பேசணும். அன்னிக்கி கம்முனு இருந்தது தப்புன்னு உங்க வாயால சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. அவளுக்கு நீங்க ஹீரோ."

"அப்ப குக்கர திருப்பிக் குட்த்துடணுமா?" என்றார் கவலையோடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குக்கர் இருக்கட்டும். அதுல சோறு வெச்சி சாப்புட்டுக்கினே சொல்லுங்க."

அவரும் சிரித்தார். கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். வெள்ளைக் கட்டைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இன்னா கனம் பாரேன்" என்றாள்.

வேப்பம்பட்டில் இறங்கும்போது ஏழே கால். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கு நாட்குறிப்பை எடுத்தேன். புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, 'தடுக்கத் தேவையில்லை' என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். அன்றைய பக்கத்தில் நீளமாக எழுதினேன்.

எழுதும்போது ஒன்று தெளிவாயிற்று. அந்த இரண்டு நாளில் என் பிள்ளைகள், நான் பழக்கியது எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். முறை வைத்து உதவினார்கள். பாரத்தைப் பங்கு போட்டார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. இருபத்துநாலு பேரும் ஒரே மனதாக நின்றார்கள். எல்லாம் பலித்திருந்தது, ஒரு பெண்ணின் கையெலும்பு கோணலாகச் சேர்வதற்காக. பிள்ளைகளிடம் கோளாறு இல்லை, பயிற்சியிலும் இல்லை. நான் பலகையில் எண்ணியதுதான் கோளாறு. வலி வந்த நாளில் எண் விழும் என்றால், பிள்ளை வலியை மறைக்கும். பெரியவர்களே மறைக்கிறார்கள். ஆகஸ்டில் வகுப்பு அமைதியானதே, அந்த அமைதியில் எத்தனை "மிஸ், இவன் இட்ச்சிட்டான்" என் காதுக்கு வராமலே போயிருக்கும்? அதற்கு என் நாட்குறிப்பில் கணக்கில்லை.

பலகையைக் கழற்றி வீசிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். பலகை நல்ல பலகை. எண்ணுவதை மாற்றினால் போதும். பத்து மணிக்குப் படுத்தேன். உடனே தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. கம்பெனி வாசலில் 189 என்றிருந்தது. எழுத வேண்டுமா என்று யோசித்து, எழுதிக்கொண்டேன். எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன். எட்டேகாலுக்கு வகுப்புக்குள் போய், முதல் வேலையாகப் பலகையின் மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த வேறு தாளை ஒட்டினேன். 'நோகும்போது வந்து சொன்னவை.' 45 என்ற எண்ணை அப்படியே விட்டுவைத்தேன். அதைப் பிள்ளைகள் பார்க்க அழிக்க வேண்டும்.

ஒன்பது பத்துக்கு மணி அடித்தது. இருபத்துநாலு பேரும் வந்திருந்தார்கள். வீட்டில் இரு என்று சொல்லியிருந்தும், கட்டுப் போட்ட கையோடு அவளும் வந்திருந்தாள். லீடர் சாக்பீஸை வைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே நின்றாள். எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஈரத்துணியால் 45ஐத் துடைத்தேன். யாரோ "போச்சி" என்று முணுமுணுத்தார்கள்.

"நேத்து இந்த கிளாஸ்ல ஒருத்தர் இன்னொருத்தர நோகடிச்சிருக்காங்க. யாரு?"

லீடர் கையைத் தூக்கினாள். "நீ செவ்வாக்கெழம," என்றேன். "நான் கேக்கறது நேத்து."

யாருக்கும் தெரியவில்லை. நான் ஜன்னலோரம் இரண்டாம் வரிசைக்குப் போனேன். குனிந்து, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நேத்து உன்ன ஒரு வார்த்த விசாரிக்காம கோவப்பட்டேன். வலிக்கிற கையப் பிடிச்சு இழுத்தேன். அது தப்பு. நான் என்ன செஞ்சா சரியாகும்?"

மூன்றாவது படிக்கு விடை யோசிக்க அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. கட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் பூரி போட்டுடுங்க மிஸ்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "திங்கக்கெழம," என்றேன். "எத்தன நாள்னு எண்ணாம."

பிறகு புதுத் தாளை எல்லோரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். நான் செய்ததை நானே வந்து சொன்னதால் முதல் கணக்கு என்னுடையது, 1 என்று எழுது என்று லீடரிடம் சொன்னேன். அவள் எட்டி நின்று, சாக்பீஸைப் பலகையில் வைத்துவிட்டு, எழுதாமல் திரும்பினாள்.

"மிஸ், செவ்வாக்கெழம தள்னத நான் நேத்து சொல்லிட்டேன்ல? அதுவும் சேருமா?"

"சேரும்," என்றேன். "ரெண்டுன்னு போடு."